வாசல் திறந்திருக்க ஒரு விருந்தாளி

மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் ஒரு வீட்டைத் துண்டு துண்டாக வாங்கிவிடலாம். பலா மரத் தூண்கள், பித்தளைக் குமிழ் பதித்த கதவுகள், நெல் அளந்த பறை, நான்கைந்து பேர் சேர்ந்து தூக்க வேண்டிய வெண்கல உருளி என்று பழம்பொருள் கடைகளில் எல்லாம் கிடைக்கும். பலவும் எங்கோ ஒரு தரவாடு பாகப்பிரிவினையானபோது லாரியேறி வந்தவை. அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது திருப்பூணித்துறை. அங்கே அதே தூண்களும் கதவுகளும் இன்னும் வீடுகளாகவே நிற்கின்றன. அவற்றில் யார் குடியிருப்பது என்பதுதான் சிக்கல்.

கொச்சி ராஜ்யத்தின் அரச குடும்பம் வாழ்ந்த ஊர் இது. 1865இல் கட்டப்பட்ட ஹில் பேலஸ், 49 கட்டடங்களோடு 50 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிறது. 1986இல் அது அருங்காட்சியகமாயிற்று. ‘சந்திரமுகி’க்கு மூலமான மலையாளப் படம் ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993). அதன் பல காட்சிகள் இங்கேதான் எடுக்கப்பட்டன என்பது தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்குக் கூடுதல் கவர்ச்சி. கிரீடத்தையும் பல்லக்கையும் பார்த்துவிட்டு மாலையே எர்ணாகுளம் திரும்பிவிடுகிறார்கள். 2024 மார்ச்சில் மெட்ரோ ரயில் திருப்பூணித்துறை வரை வந்தபிறகு திரும்புவது இன்னும் சுலபம்.

தங்குகிறவர்களுக்குக் கிடைப்பது வேறு ஊர். இங்குள்ள பழைய பாணி வீட்டுக்குள் நுழைவதற்கே ஒரு முறை உண்டு. தெருவை ஒட்டிய படிப்புரையைத் தாண்டி, செருப்பைக் கழற்றி, கிண்டித் தண்ணீரில் கால் கழுவி, பூமுகத்தில் ஏற வேண்டும். சாய்ந்து உட்கார வாகாகச் செதுக்கிய சாருபடியில் அமர்ந்ததும் குடிக்க ஏதாவது வரும். உள்ளே நாலுகட்டு: வடக்கினி, தெக்கினி, கிழக்கினி, படிஞ்ஞாற்றி என்று நான்கு பகுதிகள். நடுவே வானம் பார்த்த முற்றம். மழைக்காலத்தில் நான்கு கூரைகளும் முற்றத்தில் ஒரே நேரத்தில் நீர் கொட்டும். அப்போது வீட்டுக்குள் யாரும் பேசிப் பயனில்லை. எண்ணெய்க் குளியல், இலையில் ஓலன், காளன், எரிசேரி. எட்டரை மணிக்கெல்லாம் வீடு அடங்கிவிடும். ‘ரூம் சர்வீஸ்’ மணி கிடையாது. தாகமெடுத்தால் அடுக்களையை எட்டிப் பார்த்துக் கேட்க வேண்டியதுதான்.

இந்த வரிசை ஜப்பானுக்குப் போய் வந்தவர்களுக்குப் பழக்கமானதாக இருக்கும். அந்நாட்டின் கிராமப்புறத்தில் ரியோகான் என்னும் பாரம்பரிய விடுதியிலும், மின்ஷுகு என்னும் குடும்ப விடுதியிலும் இதே கதைதான். வாசலிலேயே காலணி கழற்றப்படும். தேநீர் வரும். பருத்தி யுகாதாவுக்கு மாறி வெந்நீர்க் குளியல். பிறகு சின்னச் சின்னக் கிண்ணங்களில் அந்தப் பருவத்துச் சாப்பாடு. அதன்பிறகே தாதாமிப் பாய்மேல் படுக்கை விரிப்பார்கள். விருந்தாளி தன் இஷ்டத்துக்கு அல்ல, வீட்டின் நேரத்துக்கு இயங்க வேண்டும். அதற்குத்தான் காசு கொடுக்கிறார்.

ஆனால் அங்கேயும் பிரச்சினை வாரிசுதான். 1980களின் தொடக்கத்தில் 80,000க்கு மேல் இருந்த ரியோகான்கள் 2010களின் இறுதியில் 40,000க்கும் கீழே இறங்கிவிட்டன. உலகின் மிகப் பழைய விடுதி என்று கின்னஸ் பட்டியலிட்டது யமனாஷி மாவட்டத்தின் கெய்உன்கான். கி.பி. 705இல் தொடங்கி, 52 தலைமுறைகள் ஒரே குடும்பத்தின் கையில் இருந்ததாகச் சொல்லப்படுவது. நடத்த வாரிசு இல்லாமல் 2017இல் நீண்டகால ஊழியர் ஒருவர் பொறுப்பேற்றார்.

வேறு வழி கண்டவர்களும் உண்டு. மலைகளுக்கிடையே இருக்கும் ஷிராகவா-கோ கிராமத்தினர், செங்குத்தான புல் கூரை வேய்ந்த தம் வீடுகளைக் காக்க 1971இல் தங்களுக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். வீட்டை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை. 1995இல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தது. குடும்பம் வீட்டிலேயே இருந்துகொண்டு வருகிறவர்களுக்கு அறை தரும் மின்ஷுகுகள் இந்த உடன்பாட்டுக்கு உறுத்தவில்லை. வீடு கைமாறாமல் வருமானம் தந்தது.

கேரளத்துக்கு இப்படிப்பட்ட விடுதித் தொழில் பழக்கமில்லை. வழிப்போக்கர்களுக்கு வழியம்பலமும் சுமைதாங்கியும் இருந்தன. பிராமணர்களுக்கு அரசர்கள் நடத்திய ஊட்டுப்புரைகளில் இலவசச் சோறு கிடைத்தது. ஆனால் பந்தி சாதி பார்த்தது. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குப் படிப்புரை தாண்டி இடமில்லை. பலருக்குத் தெருவே இல்லை. மருமக்கத்தாயக் குடும்பங்களில் கணவனே கூட இரவில் வந்து காலையில் போகும் விருந்தாளியாக இருந்த காலமுண்டு. இன்று முன்பதிவு செய்த எவரும் சாதி சொல்லாமல் அதே பூமுகத்தில் சாய்ந்து உட்காரலாம். பழைய வீட்டின் பெருமை பாடுபவர்கள் பெரும்பாலும் குறிப்பிட மறக்கும் லாபம் இது.

கதவு திறந்ததற்குக் காரணம் தாராளம் மட்டும் அல்ல. 1949 ஜூலை 1இல் கொச்சியும் திருவிதாங்கூரும் இணைந்தன. நூற்றுக்கணக்கான உறுப்பினர்கள் கொண்ட அரச குடும்பத்தின் சொத்தைப் பங்கிட 1961இல் தனிச் சட்டமே வந்தது. நிலச் சீர்திருத்தத்தில் குத்தகை நெல் நின்றது. 1975இல் கூட்டுக் குடும்ப முறையையே சட்டசபை ஒழித்தது. முப்பது பேருக்காகக் கட்டிய நாலுகட்டில் இரண்டு முதியவர்கள். பிள்ளைகள் வளைகுடாவில், பெங்களூரில், அமெரிக்காவில். ஓடு மாற்ற வேண்டும், கரையான் பிடித்த உத்திரத்தை மாற்ற வேண்டும். விற்றால் மட்டாஞ்சேரிக் கடை. பூட்டினால் மூன்று மழையில் கூரை உட்காரும். எஞ்சிய வழி, அறை தருவது.

கேரளச் சுற்றுலாத் துறை ஹோம்ஸ்டே திட்டத்தை வகுத்தபோது வைரம், தங்கம், வெள்ளி என்று தரம் பிரித்தது. அதிகபட்சம் ஆறு அறைகள், வீட்டுக்காரர் குடும்பம் அதே வீட்டில் இருக்க வேண்டும் என்றும் நிபந்தனை வைத்தது. கடைசி நிபந்தனைதான் உயிர்நாடி. அது இல்லையென்றால் மிஞ்சுவது பழைய தூண்கள் உள்ள லாட்ஜ். ஃபோர்ட் கொச்சியில் சந்துக்குச் சந்து ஹோம்ஸ்டே பலகைகள். அவற்றுக்குள்ளே இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது விருந்தாளியின் சாமர்த்தியம். திருப்பூணித்துறைக்கு அந்த அளவு கூட்டம் இல்லை. அது வரமும்தான், நஷ்டமும்தான்.

செலவுக் கணக்கில் வராத ஒன்றும் உண்டு. ரியோகானைத் தாங்குவது ‘ஒகாமி’ எனப்படும் வீட்டுத் தலைவி. இங்கேயும் காலையில் புட்டு அவிப்பதிலிருந்து இரவு படிப்புரைக் கதவைச் சாத்துவது வரை பெரும்பாலும் வீட்டு அம்மாவின் உழைப்புதான். “வீட்டுச் சாப்பாடு” என்று விளம்பரத்தில் எழுதுவது எளிது. அறுபத்தைந்து வயதில் தினமும் அந்நியர்களுக்குச் சமைப்பது எளிதல்ல. அவர் கை ஓய்ந்தால் அடுத்த கை எது என்ற கேள்விக்கு வெளிநாட்டிலிருக்கும் மகளோ மருமகளோ பதில் சொல்வது அபூர்வம். கெய்உன்கானின் கேள்வியே இங்கும் வேறு மொழியில் கேட்கப்படுகிறது.

தங்குவதற்கு நல்ல காலம் எது என்று கேட்டால், கார்த்திகை என்று சொல்லலாம். பூர்ணத்ரயீசர் கோயிலின் விருச்சிக உற்சவம் அப்போதுதான். எட்டு நாளும் யானை, பஞ்சவாத்தியம், மேளம், இரவில் கதகளி. ஃபோர்ட் கொச்சியில் பயணிகளுக்காக ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கிய கதகளியைப் பார்த்தவர்கள், இங்கே பாதி ராத்திரிக்குமேல் சூடு பிடிக்கும் ஆட்டத்தைப் பார்த்தால் அதுவும் இதுவும் ஒன்றென்று சொல்லமாட்டார்கள். விடியற்காலை கண் எரிய நடந்து வந்தால் படிப்புரை திறந்திருக்கும். உள்ளே அடுக்களையில் விளக்கு எரியும், அதை ஏற்ற வீட்டில் ஒருவர் இருக்கும்வரை.