நீரடியில் உறங்கும் தெல்தெனிய

கண்டி மாநகரிலிருந்து கிழக்கே மகியங்கனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், குண்டசாலையையும் திகனையையும் கடந்து நாம் தெல்தெனியவை அடைந்தபோது காலை வெயில் ஏறியிருந்தது. இடப்புறத்தில் நக்கிள்ஸ் மலைத்தொடர் வானை மறைத்து நின்றது. மடக்கிய கைவிரல்களின் முட்டுகளைப் போன்ற சிகரங்களைக் கண்டு ஆங்கிலேயர் அதற்கு அப்பெயரை இட்டனர். வலப்புறத்தில் நீலக் கடல்போல் விரிந்து கிடந்தது விக்டோரியா நீர்த்தேக்கம். இடையில் இருந்த கடைத்தெருவைப் பார்த்ததும், இஃது அண்மையில் எழுந்த ஊர் என்றே தோன்றிற்று. உண்மையும் அதுவே. பழைய தெல்தெனிய அந்த நீலத்தின் அடியிலன்றோ உறங்குகிறது!

மெததும்பறை எனும் இப்பிரதேசத்தின் வாழ்வை மூன்று படிகளாகப் பிரித்துக் காணலாம். உச்சியில் இருப்பது மேகம் தவழும் காடு. ஒரு காலத்தில் அதன் நிழலில் ஏலக்காய் விளைந்தது. இன்று அது பாதுகாக்கப்பட்ட வனம். 2010இல் உலக மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இலங்கையின் மத்திய மலைநாட்டில் அதுவும் அடங்கும். அதற்குக் கீழே ரங்கல முதலான இடங்களில் தேயிலைத் தோட்டங்கள் பரந்துள்ளன. தமிழகத்திலிருந்து வந்த நம்மவரின் வியர்வையில் முதலில் கோப்பியும், அது நோயால் அழிந்த பின்னர் தேயிலையும் இம்மலைநாட்டில் தழைத்தன. அதற்கும் கீழே பள்ளத்தாக்கில் நெல்லும், பெயர்பெற்ற தும்பறைப் புகையிலையும், மிளகும் கராம்பும் பலாவும் நிறைந்த வீட்டுத் தோட்டங்களும் இருந்தன. மலைச் சரக்கும் வயற் சரக்கும் வந்து கைமாறிய சந்தையூரே தெல்தெனிய.

நக்கிள்ஸ் மலையில் பிறக்கும் ஹுலு கங்கை இவ்வூர்ப் பக்கமாக ஓடி மகாவலியிற் கலக்கிறது. அச்சங்கமத்திற்குக் கீழே மலையிடுக்கில், பிரித்தானிய உதவியுடன் 122 மீற்றர் உயரமும் 520 மீற்றர் நீளமும் கொண்ட வில் வடிவ அணை எழுந்தது. 1985 ஏப்ரலில் அது திறந்து வைக்கப்பட்டது. இந்நாட்டிலேயே உயரமான அணை அதுதான். மூன்று இயந்திரங்கள் 210 மெகாவாற்று மின்சாரம் தருகின்றன. அங்கிருந்து இறங்கும் நீர் கீழ்நாட்டு வயல்களுக்கும் பாய்கிறது. ஆனால், மூன்று படிகளில் அடிப்படி, அதாவது வளம் மிக்க பள்ளத்தாக்கு, நீரில் மறைந்தது. மக்களுட் சிலர் மேட்டு நிலங்களுக்கும், சிலர் தொலைவிலுள்ள மகாவலிக் குடியேற்றங்களுக்கும் பெயர்ந்தனர்.

தேநீர்க் கடையொன்றில் முதியவர் ஒருவரைச் சந்தித்தோம். "வீட்டை இழந்தவருக்கு வேறு வீடு கிடைத்தது, தம்பி. அயலவரைத்தான் யாராலும் திருப்பித் தர முடியவில்லை" என்றார் அவர். கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கட்டடங்களின் எச்சங்கள் வெளியே தலைகாட்டும். அப்போது தம் பழைய தெருவைத் தேடிப் பலர் அங்கு வருவார்களாம்.

அவரிடம் விடைபெற்றுத் திரும்பும் வழியில் மற்றொரு காட்சி எம்மைச் சிந்திக்க வைத்தது. செங்குத்தான சரிவுகளில் மரத்தை வெட்டிப் பயிரிட்ட இடங்களிலிருந்து மழைநீர் செம்மண்ணை அரித்துச் செல்கிறது. அம்மண் நீர்த்தேக்கத்தையே சென்று சேர்கிறது. மகாவலியின் மேற்பகுதியில் 1976இல் தொழிற்படத் தொடங்கிய பொல்கொல்லை நீர்த்தேக்கத்தில், சில ஆண்டுகளுக்குள்ளேயே பெருமளவு வண்டல் படிந்துவிட்டது. உச்சிக் காடு குன்றினால் அடிவாரத்து நீரும் குன்றும். ஓர் ஊரைக் கொடுத்துப் பெற்ற நீரை மண்ணுக்கு இரையாக்கினால், அந்த ஊர் இரண்டாம் முறையும் மூழ்கியதாகிவிடும் அல்லவா?

மாணவச் செல்வங்களே! மாலையில் உங்கள் மேசை விளக்கு ஒளிரும்போது, நீரடியில் உறங்கும் அந்தத் தெருவையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.