பெயர் எழுதப்படாத வலி

உடைந்த கைக்குச் சாட்சி தேவையில்லை; மாவுக்கட்டே அதைச் சொல்லிவிடும். காய்ச்சலுக்கு வெப்பமானி சாட்சி. வெளியே ஒரு கீறலும் இன்றி, உள்ளே மின்னல் பாய்ந்தாற்போல் வெட்டி மறையும் வலிக்கு யார் சாட்சி? நோயாளியின் வாய்மொழி ஒன்றே சாட்சி. அதனைக் கேட்டு மருத்துவர் எழுதும் இரண்டு வரியே ஆவணம். அந்த இரண்டு வரியின் அருமையைக் குறித்தே இம்மாதம் எழுத விழைகிறேன்.

முகத்தின் உணர்ச்சியை மூளைக்கு எடுத்துச் செல்லும் நரம்பு ஒன்று உண்டு. நெற்றி, கன்னம், கீழ்த்தாடை என மூன்று கிளைகளாகப் பிரிவதால் அதனை முக்கிளை நரம்பு எனலாம். மூளைத்தண்டை ஒட்டிய இடத்தில் இரத்தக் குழாயொன்று அதன்மேல் அழுந்துவதால் பெரும்பாலும் உண்டாகும் நோயே 'ட்ரைஜெமினல் நியூரால்ஜியா'. வலி முகத்தின் ஒரு பக்கத்தில் தோன்றும். சில நொடிகள் நிற்கும். இரண்டு நிமிடத்தை மிஞ்சாது. ஆயினும் ஒரே நாளில் பலமுறை திரும்பி வரும். முகம் கழுவுதல், பல் துலக்குதல், ஒரு வாய் சோறு மெல்லுதல், கன்னத்தில் காற்றுப் படுதல் ஆகிய எளிய செயல்களே அதைத் தூண்டப் போதுமானவை. ஐம்பது வயதைக் கடந்தோரையும், ஆண்களைவிடப் பெண்களையும் இது மிகுதியாக வாட்டுகிறது.

முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையைச் சுற்றி வாழும் குடும்பங்கள் பலவற்றிற்குப் பனியன் கம்பெனி வேலையே பிழைப்பு. அங்குப் பவர்டேபிளில் அமர்ந்து தைக்கும் சகோதரி ஒருவரை நான் அறிவேன். மின்விசிறியின் காற்று வலக் கன்னத்தில் பட்டால், தைத்துக்கொண்டிருக்கும் துணியைப் பிடித்தபடியே உறைந்துபோவார். பல்வலி என்றெண்ணி இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிக்கொண்டார், வலி அகலவில்லை. பின்னர் ஒரு மருத்துவர் கொடுத்த மாத்திரையால் வலி அடங்கிற்று. ஆனால் அந்தச் சீட்டில் மாத்திரையின் பெயர் இருந்ததேயன்றி நோயின் பெயர் இல்லை.

அம்மாத்திரை கார்பமாசெபைன். வலிப்பு நோய்க்கும் தரப்படும் மருந்து அது. முக்கிளை நரம்பு வலிக்கு அது பயன்படும் என்பதைச் சுவீடன் நாட்டு மருத்துவர் புளோம் 1962இலேயே வெளியிட்டார். இதை லைன் வீடுகளில் யார் அறிவார்? "இது ஃபிட்ஸ் மாத்திரையாச்சே" என்று யாரோ சொன்ன ஒரு சொல், வீடு வீடாகப் பரவிற்று. இவரை இயந்திரத்தில் அமர்த்தலாமா என்று சூப்பர்வைசர் தயங்கினார். மகளைப் பெண் கேட்டு வந்த வீட்டார் பேச்சை நிறுத்திக்கொண்டனர். வலிப்பு நோய் இழிவானதன்று. அதற்காக ஒருவரை ஒதுக்குவதும் முறையன்று. ஆயினும் இல்லாத நோயின் பாரத்தை இக்குடும்பம் சுமக்க நேர்ந்தது. ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி அவர் மாத்திரையைத் தாமாகவே நிறுத்தினார். வலி மீண்டும் வந்தது. "ஏனுங்க சாமி, என்ற நோவுக்கு ஒரு பேரே இல்லீங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

பெயர் உண்டு. இலண்டன் மருத்துவர் ஜான் ஃபாதர்கில் 1773இலேயே இதனைத் தெளிவாக விவரித்தார். பெயர் மட்டுமன்று, எண்ணும் உண்டு. 1893இல் ழாக் பெர்ட்டியோன் என்பவர் வகுத்த இறப்புக் காரணப் பட்டியலே, 1948 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பொறுப்பில் நோய்களின் பன்னாட்டு வகைப்பாடாக வளர்ந்தது. அதன் பத்தாம் திருத்தத்தில் இந்நோயின் எண் ஜி50.0. 2022இல் நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் திருத்தத்தில் 8பி82.0.

இவ்வாறு எண்ணிடுவதே 'மெடிக்கல் கோடிங்'. நம் பிள்ளைகள் பலர் கோவையிலும் சென்னையிலும் அமர்ந்து அமெரிக்க மருத்துவமனைகளின் ஏடுகளுக்கு எண்ணிடுகின்றனர். அந்நாட்டில் 2015 அக்டோபர் 1 முதல் பத்தாம் திருத்தத்தின் வழியே எண்ணிடப்படுகிறது. அவ்வேலை செய்யும் பெண்ணொருத்தி எனக்கு விளக்கினாள்: "டாக்டர் எழுதாததை நாங்க ஊகிச்சுப் போடக்கூடாதுங்க சாமி." மருத்துவர் வெறுமனே 'முகவலி' என்றெழுதினால், அது தலைவலிக்குரிய ஆர்51 என்னும் வகையில் போய் விழுமாம். புறநோயாளியின் ஏட்டில் 'இந்நோயாக இருக்கலாம்' என்றிருந்தால், அமெரிக்க விதிப்படி நோயின் எண்ணை இடலாகாது. அறிகுறியின் எண்ணையே இடவேண்டும். இயல்பு மாறிய முகவலிக்கு ஜி50.1 எனத் தனி எண். அக்கி ஆறியபின் எஞ்சும் நரம்பு வலிக்கும் வேறு எண். மேலும், ஜி50.0 என்பது வலப்பக்கமா இடப்பக்கமா எனக் காட்டாது. அதை மருத்துவரே சொல்லால் எழுதியாக வேண்டும்.

கடல் கடந்த நாட்டில் முகமறியாத ஒருவரின் வலிக்கு நம் பிள்ளைகள் இத்துணைக் கருத்தாக எண் தேடுகின்றனர். நம் தெருவிலுள்ள தாயின் சீட்டிலோ நோயின் பெயர்கூட இல்லை!

ஞானஸ்நானப் பதிவேட்டில் ஓர் எழுத்துப் பிழைத்தால், இருபது ஆண்டு கழித்துத் திருமணத்தின்போது அக்குடும்பம் அலைவதைப் பங்குக் குருக்கள் அனைவரும் அறிவர். மருத்துவ ஏடும் அத்தகையதே. ஈ.எஸ்.ஐ. திட்டத்திலுள்ள தொழிலாளி நோயினால் வேலைக்குச் செல்ல இயலாதபோது, சந்தா நாள்கள் நிறைவுற்றிருப்பின், ஆண்டிற்கு 91 நாள்வரை ஊதியத்தில் 70 விழுக்காடு பெறலாம். அதற்கு வேண்டுவது மருத்துவரின் சான்று. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படும்போதும், அங்குள்ள மருத்துவர் முதலில் காண்பது பழைய ஏட்டையே.

ஆதலின் மருத்துவரிடம் செல்லுமுன் இவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: வலி எந்தப் பக்கம், முகத்தின் எந்தப் பகுதி, எத்தனை நொடி நிற்கிறது, ஒரு நாளில் எத்தனை முறை, எதனால் தூண்டப்படுகிறது, எந்த மாத்திரையால், எவ்வளவு குறைந்தது, பற்கள் எடுக்கப்பட்டனவா. கார்பமாசெபைனைத் தாமாக நிறுத்தலாகாது; தோலில் தடிப்போ கொப்புளமோ கண்டால் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். சீட்டுகளை எறியாமல் தேதி வாரியாக ஒரே கோப்பில் வையுங்கள்.

அச்சகோதரி தம் கணவருடன் மீண்டும் மருத்துவரிடம் சென்று, நோயின் பெயரை எழுதித் தருமாறு கேட்டார். அவரும் தயங்காமல், வலப்பக்க முக்கிளை நரம்பு வலி என்றும், வலிப்பு நோய் அன்று என்றும் எழுதிக் கையொப்பமிட்டார். அதைப் படித்த சூப்பர்வைசர், விசிறிக் காற்றுப் படாத மூலைக்கு அவருடைய மேசையை மாற்றிக் கொடுத்தார். நின்றுபோன சம்பந்தம் திரும்பி வரவில்லை. வலியும் முற்றிலும் நீங்கவில்லை. ஆனால் இன்று அவரைப் பாசாங்குக்காரி என்று எவரும் சொல்வதில்லை.

அடுத்த முறை மருத்துவர் அறையிலிருந்து எழுமுன், கையிலுள்ள சீட்டைப் படித்துப் பாருங்கள். மாத்திரையின் பெயருக்கு மேலே நோயின் பெயர் இருக்கிறதா? இல்லையேல், "ஐயா, இதையும் எழுதிக் கொடுங்கள்" என்று பணிவோடு கேளுங்கள். அது உங்கள் உரிமை.