மரமும் கட்டும்

பொழியூர் கடற்கரையில் தெற்கே நடந்தால் கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடும். 1956இல் போட்ட அந்த எல்லைக்கோடு மீனுக்கும் தெரியாது, சொந்தபந்தத்துக்கும் தெரியாது. கல்லூரி விண்ணப்பத்துக்கு மட்டும் நன்றாகத் தெரியும். நீரோடியில் இருக்கும் அத்தை மகனுக்கு பிளஸ் டூ மதிப்பெண் போதும். தமிழ்நாட்டு இன்ஜினீயரிங் நுழைவுத் தேர்வு 2007இலேயே போய்விட்டது. இந்தப் பக்கம் இருக்கும் 17 வயதுப் பெண் நுழைவுத் தேர்வு எழுதியாக வேண்டும்.

எழுதுவதில் அவளுக்குத் தயக்கம் இல்லை. எதற்கு எழுதுவது என்பதில்தான் வீடு இரண்டாகிக் கிடந்தது. வள்ளம் கட்டும் அப்பாவின் கணக்கு நேரானது. "இஞ்சினீயரிங் படி மக்ளே, சோத்துக்குப் பயமில்லை." அவள் கேட்டது டிசைன். "டிசைன்னா தையலா?" என்றார் அம்மா. கிண்டல் இல்லை, நிஜமான சந்தேகம்.

அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் வீசியபோது அவள் சின்னப் பெண். பூவாறு முதல் தூத்தூர் வரை கரையெங்கும் ஜனங்கள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பலர் திரும்பவில்லை. திரும்பியவர்களில் சிலர், கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் மிதந்த கதையைச் சொன்னார்கள். வழுக்கும் அடிப்பாகத்தில் கை நழுவிக்கொண்டே இருந்ததாம். பெரியவர்கள் அழுதார்கள். சிறுமியின் மனதில் ஒரு கேள்வி தங்கியது: கவிழ்ந்தால் பிடித்துக்கொள்ள வள்ளத்தின் அடியில் ஒரு பிடி ஏன் இல்லை?

இந்தக் கேள்வி எந்தப் பாடத்தைச் சேர்ந்தது? பிடி வைத்தால் நீரின் தடை கூடும், டீசல் அதிகம் செலவாகும், வலை சிக்கும். அது கணக்கு, இயற்பியல். குளிரில் விறைத்த கைக்கு அந்தப் பிடி எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும், இருட்டில் தடவினால் கிடைக்குமா என்பது டிசைன். ஒன்றை விட்டு ஒன்று உதவாது. நல்ல படிப்புள்ள பல்கலைக்கழகமா, நல்ல டிசைன் துறையா என்று அந்த வீட்டில் நடந்த சண்டை, உண்மையில் தவறான சண்டை.

டிசைன் வெறும் அலங்காரம் இல்லை என்பது இந்த நாட்டுக்குப் புதிய செய்தியும் அல்ல. இந்திய அரசு அழைத்து வந்த அமெரிக்கத் தம்பதி சார்லஸ், ரே ஈம்ஸ் 1958இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அவர்கள் வியந்து பார்த்த பொருள் சாதாரண லோட்டா. எவ்வளவு நீர் கொள்ளும், இடுப்பில் எப்படி உட்காரும், தலையில் எப்படி நிற்கும் என்று பல தலைமுறைகள் யோசித்த பொருள் அது. அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1961இல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. நெடுங்காலம் அது டிப்ளமாதான் கொடுத்தது. 'டிகிரி இல்லையா?' என்று பெற்றோர் முகம் சுளித்ததற்கு அதுவும் ஒரு காரணம். 2014ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அந்தக் குறை இல்லை. மும்பை ஐ.ஐ.டி.யில் 1969இலேயே டிசைன் மையம் தொடங்கிவிட்டது. ஆனால் பிளஸ் டூ முடித்ததும் சேரக்கூடிய பி.டெஸ். படிப்பு அங்கே 2015இல்தான் வந்தது. அதற்கான யூசீட் தேர்வைக் கலைப் பிரிவு மாணவர்கூட எழுதலாம்.

அவள் ஒரு நோட்டில் கோடு போட்டாள். இடது பக்கம் படிப்பு, வலது பக்கம் பட்டறை. கொச்சிப் பல்கலைக்கழகத்தில் கப்பல் கட்டுமான பி.டெக்.: கணக்கு பலம், வீட்டுக்கும் பக்கம். ஆமதாபாத்: கைவேலை பலம், கப்பல் கணக்குக்கு அங்கே இடமில்லை. கவுஹாத்தி ஐ.ஐ.டி.: டிசைன் துறையும் இன்ஜினீயரிங்கும் ஒரே வளாகத்தில், ஆனால் ரயிலில் இரண்டரை நாள். சென்னை ஐ.ஐ.டி.: கடல்சார் பொறியியல், படகு மாதிரிகளை இழுத்துச் சோதிக்கும் நீண்ட தொட்டி, பொறியியல் வடிவமைப்புக்குத் தனித் துறை. எல்லாம் உண்டு, நடுவில் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு என்ற மலையும் உண்டு. காஞ்சிபுரத்தின் பெயரில் இருக்கும் ஐ.ஐ.ஐ.டி.டி.எம். பெயரிலேயே டிசைன் இருக்கிறது, ஆனால் அங்கே கிடைப்பது பி.டெக். பெயரைப் பார்த்து ஏமாறவும் கூடாது, பெயரைப் பார்த்து ஒதுக்கவும் கூடாது என்று பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

நோட்டை அப்பாதான் முதலில் புரட்டினார். ஓரத்தில் அவள் வரைந்திருந்த படம் கண்ணில் பட்டது: தலைகீழான வள்ளம், அடியில் ஒரு பிடி. நெடுநேரம் பார்த்தார். பிறகு பென்சிலை வாங்கி, பிடியை ஒரு விரற்கடை பின்னுக்குத் தள்ளி வரைந்தார். "இங்க வச்சா கரையில ஏத்தும்போ மணல்ல ஒடியாது."

அன்றுதான் அவர் தன் பழைய கதையைச் சொன்னார். 1980களில் இந்தக் கரைக்கு பிளைவுட் வள்ளம் வந்தபோது அவர் உதவியாள். வடிவம் போட்டவர்கள் படித்தவர்கள். அலையில் இறக்கிப் பார்த்தவர்கள் கடலுக்குப் போகிறவர்கள். இரண்டு பேரும் பேசிப் பேசித்தான் வள்ளம் சரியானது. அதற்கு முன்னால் கட்டுமரம். ஆணி கிடையாது, தடிகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டுவது. "மரம் மட்டும் நல்லா இருந்தாப் போராது மக்ளே, கெட்டும் நல்லா இருக்கணும். கெட்டு அவிந்தா மரம் மரமா ஒழுகிப் போகும்."

அதற்குப் பிறகு வரிசை தானாக அமைந்தது. கணக்கும் பட்டறையும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடங்கள் மேலே போயின. இரண்டும் கிடைக்காவிட்டால் முதலில் கொச்சி. இன்ஜினீயரிங் முடித்தவர்கள் சீட் தேர்வு எழுதி எம்.டெஸ். சேரலாம் என்பதால் அந்த வாசல் மூடுவதில்லை. விடுதிச் செலவு, கல்விக் கடன் பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை. இத்தனை தூரம் அனுப்புவதா என்ற அம்மாவின் கவலையும் தீரவில்லை. எந்தத் தேர்வில் என்ன ரேங்க் வரும் என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் கேட்க வேண்டிய கேள்வி மாறிவிட்டது. 'எந்தக் கல்லூரிக்குப் பேர் அதிகம்?' என்று இப்போது அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை. முன்னாள் மாணவர் ஒருவரின் நம்பர் கிடைத்ததும் அவள் போனில் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அங்கே நாமே ஒன்றைச் செய்து தண்ணீரில் விட்டுப் பார்க்க விடுவார்களா?"

அப்பா பக்கத்தில் நின்று பதிலுக்குக் காத்திருந்தார்.