அம்மாவோடு பார்த்த ‘தேர்ட்டீன்த்’

2020 ஜூன். ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. நியூ ஜெர்சியில் நாங்கள் ஆறு குடும்பங்கள் ஒரு வாட்ஸப் குழு வைத்திருந்தோம். மாஸ்க் எங்கே கிடைக்கும், இட்லி அரிசி எந்தக் கடையில் வந்திருக்கிறது என்று ஓடிக்கொண்டிருந்த குழுவில் திடீரென்று ஒருவர் யூடியூப் லிங்க் ஒன்றைப் போட்டார். ஏவா டுவெர்னே 2016இல் எடுத்த ‘தேர்ட்டீன்த்’ ஆவணப்படம். அந்த ஏப்ரலில்தான் நெட்ஃபிளிக்ஸ் அதை இலவசமாகத் திறந்துவிட்டிருந்தது. “எல்லாரும் பாருங்க, ஞாயித்துக்கிழமை ஜூம்ல பேசலாம்” என்றார்.

படத்தின் பெயர் அமெரிக்க அரசியல் சட்டத்தின் பதின்மூன்றாம் திருத்தத்தைக் குறிக்கிறது. 1865இல் அடிமை முறையை ஒழித்த திருத்தம். ஆனால் அதற்குள்ளேயே ஒரு விலக்கு: குற்றத்துக்கான தண்டனையாக இருந்தால் பரவாயில்லை. படம் முழுக்க அந்த ஒரு வரியின் கதைதான். அடிமையாக வைத்திருக்க முடியாதவனைக் குற்றவாளி ஆக்கிவிட்டால் போதும். உலக மக்கள்தொகையில் 5 சதவீதம் உள்ள நாட்டில் உலகக் கைதிகளில் 25 சதவீதம் பேர் என்று ஒபாமாவின் குரலில் படம் தொடங்குகிறது. 1970இல் சுமார் மூன்றரை லட்சமாக இருந்த கைதிகள் 2014இல் 23 லட்சம் ஆனதைத் திரையில் எண்கள் ஏறி ஏறிக் காட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஜூமில் கூடினோம். முதல் பத்து நிமிஷம் எல்லோரும் “ரொம்ப டிஸ்டர்பிங்கா இருந்துச்சு” என்றோம். அப்புறம்தான் உண்மையான பேச்சு ஆரம்பித்தது.

“டைரக்டர் ஒரு பக்கமாத்தான் காட்டுறாங்க” என்றார் ஒருவர். நியூட் கிங்ரிச்சே வந்து பேசுகிறாரே என்றேன். அதை அவர் கவனிக்கவில்லை.

“நாமளும்தான் கறுப்பு. நாம ஒழுங்காப் படிச்சு, உழைச்சு மேல வரலையா?” என்றார் இன்னொருவர். நானும் அப்படி நினைத்தவன்தான், அதனால் கோபம் வரவில்லை. ஆனால் 1965க்கு முன் இந்தியர்களுக்கு இந்த நாடு கொடுத்த குடியேற்றக் கோட்டா வருஷத்துக்கு 100 பேர். இன அடிப்படையிலான அந்தக் கணக்கை உடைத்த சட்டம், கறுப்பின மக்கள் தெருவில் அடி வாங்கி உதை வாங்கி நடத்திய போராட்டம் உச்சத்தில் இருந்த அந்த வருஷங்களில்தான் வந்தது. நாம் உழைத்தோம் என்பது சரி. ஆனால் நமக்கு முன்னாலேயே யாரோ கதவைத் திறந்து வைத்திருந்தார்கள்.

மூன்றாவது ஆள், என் சேலத்து நண்பர், படம் பார்த்து அழுததாகச் சொன்னார். சொல்லிவிட்டு, “ஆனா தப்பு பண்ணாதவன் எதுக்கு ஜெயிலுக்குப் போறான்?” என்று கேட்டார். அத்தனை பேரும் அமைதியானோம். அந்தக் கேள்விக்குத்தான் படம் நூறு நிமிஷமாகப் பதில் சொல்லியிருந்தது. நானும் வாயைத் திறக்கவில்லை.

அம்மா அப்போது எங்களோடுதான் இருந்தார். பிப்ரவரியில் பேத்தியைப் பார்க்க உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர், விமானம் நின்றுபோனதால் மாட்டிக்கொண்டார். “அன்னைக்கு என்னத்தைப்பா அம்புட்டு நேரம் பேசுனீங்க?” என்று கேட்டார். சொல்லி விளங்கவைக்க முடியாமல், படத்தையே போட்டுவிட்டேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன்.

காலிஃப் பிரவுடர் என்ற பையனின் கதை வந்தது. நியூயார்க், பிராங்ஸ். 2010இல் பதினாறு வயதில், ஒரு முதுகுப்பையைத் திருடியதாகப் பிடித்தார்கள். ஜாமீன் 3,000 டாலர். வீட்டில் இல்லை. ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் மூன்று வருஷம், அதில் ஏறக்குறைய இரண்டு வருஷம் தனிமைச் சிறை. வழக்கு விசாரணைக்கே வரவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். செய்யாததை எப்படிச் செய்தேன் என்பேன் என்று மறுத்தான். கடைசியில் வழக்கைக் கைவிட்டு 2013இல் வெளியே விட்டார்கள். 2015இல் தன் வீட்டில் தற்கொலை செய்துகொண்டான்.

‘ப்ளீ பார்கெய்ன்’ என்பதற்குத் தமிழ் தெரியாமல் “ஒரு மாதிரி பேரம்மா” என்றேன்.

“கோர்ட்டுலயுமா பேரம்?” என்றார் அம்மா. கொஞ்சம் கழித்து, “அப்ப அந்தப் பய களவாண்டதுக்கு உள்ள இருக்கல. ஒத்துக்கிடாததுக்கு இருந்திருக்கான்.”

ஜூமில் எங்கள் யார் வாயிலும் வராத பதில் இது.

படத்தில் ‘கிரிமினல்’ என்ற சொல் வரும்போதெல்லாம் அதைத் திரையில் பெரிதாக எழுதிக் காட்டுவார்கள். நான் ஒவ்வொரு தடவையும் “குற்றவாளி, குற்றவாளி” என்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அம்மா நிறுத்தச் சொன்னார்.

“குற்றவாளின்னா கோர்ட்டு சொல்லணும்ல? இவகளை அப்படிச் சொல்லலையே. பொறக்கையிலயே களவாணின்னுல்ல சொல்றாய்ங்க. எங்க தாத்தனைச் சொன்ன மாதிரி.”

அம்மாவின் தாத்தா ரேகை வைத்தவர். குற்றப் பரம்பரைச் சட்டத்தை எங்கள் ஊர்களில் ரேகைச் சட்டம் என்பார்கள். 1871இல் வெள்ளைக்காரன் வடக்கே கொண்டுவந்தது, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. பிரமலைக் கள்ளர் ஊர்களில் ஆண்களின் கைரேகையைப் பதிந்தார்கள். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். ரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் கையில் 16 பேர் இறந்தார்கள். சட்டம் ரத்தானது 1947இல்.

இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது. அம்மா சொன்னது வேறு. “மழையோ காய்ச்சலோ, பொழுது சாஞ்சா தாத்தா சாவடிக்குப் போயிரணுமாம். கல்யாணம் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரியும் அங்கதேன் படுத்தாராம். அப்பத்தா சொல்லி அழுகும்.”

“ஏம்மா என்கிட்ட இதைச் சொன்னதே இல்ல?”

“என்ன பெருமைன்னு சொல்ல?”

நான் படித்தது கள்ளர் சீரமைப்புப் பள்ளி. ஐந்து வருஷம் அந்தப் பெயர்ப் பலகைக்குக் கீழே நடந்து போயிருக்கிறேன். ‘சீரமைப்பு’ என்றால் யாரைச் சீரமைக்க என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

படம் முடியும்போது பெயர்களோடு சேர்த்துப் புகைப்படங்கள் வரும். கறுப்பினக் குடும்பங்கள், குழந்தைகள், சிரித்துக்கொண்டிருக்கும் முகங்கள். “இவகள்லாம் யாருப்பா?” என்றார். யாருமில்லம்மா, சும்மா சாதாரண ஆட்கள் என்றேன். “இதை மொதல்லயே காட்டியிருக்கலாம்ல” என்றார்.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் எனக்கும் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து வாசலில் பார்சல் வந்தது. மாஸ்க் போட்ட, உயரமான கறுப்பினப் பையன். பெட்டியை வைத்துவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். அம்மா உள்ளேயிருந்து, “கதவைச் சாத்துப்பா, மொதல்ல அந்தச் சைக்கிளை உள்ள எடு” என்றார்.

“அம்மா! முந்தாநேத்துத்தானே…”

“அது படம்ப்பா.”

சுருக்கென்றது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. 2017இல் இந்த வீட்டை வாங்கும்போது ஏஜென்ட்டிடம் நான் கேட்ட முதல் கேள்வி, “சேஃப் ஏரியாவா?” அவர் சிரித்துவிட்டு, ஸ்கூல் ரேட்டிங்கைப் பாருங்கள் என்றார். நான் என்ன கேட்டேன் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊரில் இதே அம்மா, காலனியிலிருந்து வேலைக்கு வருபவர்களைப் பற்றிப் பேசும்போது ‘களவாணி’ என்ற அதே சொல்லைச் சர்வசாதாரணமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒருவன் முதுகில் எழுதப்பட்ட சொல்லை அவன் அழிப்பதில்லை. கைக்கு எட்டிய அடுத்த முதுகில் எழுதிவிடுகிறான். தாத்தாவின் ரேகை எனக்குக் கொடுத்ததாக நான் நினைத்த தகுதி, கதவைச் சாத்தும்வரைதான் தாங்கியது.

அன்று இரவு குழுவில் எழுதினேன். சேலத்து நண்பரின் கேள்விக்குப் பதிலாக, சாவடியில் படுத்த தாத்தாவைப் பற்றியும், வீடு வாங்கும்போது நான் கேட்டதைப் பற்றியும். நான்கு கட்டைவிரல்கள் வந்தன. பிறகு அவர் தனியாக மெசேஜ் அனுப்பினார்: “ஓ, நீங்க அந்தப் பக்கமா? இத்தனை வருஷமாத் தெரியாமப் போச்சே.”

அவர் நல்ல மனிதர். கோவிட் வந்தபோது என் வீட்டு வாசலில் ரசம் வைத்துவிட்டுப் போனவர். படம் பார்த்து அழுதது பொய்யில்லை. ஆனால் நான் எழுதியதில் அவர் கையில் தங்கியது என் சாதி மட்டும்தான். வீட்டைப் பற்றி யாருமே ஒன்றும் கேட்கவில்லை.

ஆகஸ்டில் வந்தே பாரத் விமானத்தில் அம்மாவுக்கு இடம் கிடைத்தது. நியூவார்க் விமான நிலையத்தில் சக்கர நாற்காலியைத் தள்ள ஒரு கறுப்பினப் பெண் வந்தார். என் வயதுதான் இருக்கும். அம்மாவின் முழங்காலைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே காலுக்கு அணைப்பை இறக்கிவிட்டார். அம்மா அவர் கையைப் பிடித்து, “மகராசியா இரு தாயி” என்றார். அந்தப் பெண்ணுக்கு என்ன விளங்கியதோ, மாஸ்க்குக்கு மேலே கண்கள் சிரித்தன.

அவர்கள் போவதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். அம்மாவின் மடியில் கைப்பை இருந்தது. இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்திருந்தார். எல்லா விமான நிலையங்களிலும் அப்படித்தான் பிடிப்பாரா, இங்கே மட்டுமா என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன். இன்னும் பிடிபடவில்லை.