அதிபர் ஆகாத அன்று

துணிப்பையிலிருந்து கோட்டை எடுத்து உதறினார் ஆசிரியர். பழைய கோட்டு. கழுத்துப்பட்டி ஓரம் பழுப்பேறி, ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. காலை ஒன்பதரைக்கே மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ் டவுன் வெயில் முதுகைச் சுட்டது. போட்டுக்கொள்ளாமல் கையில் தொங்கவிட்டபடியே நடந்தார்.

"சன் யாட் சென் போட்டது இந்த மாதிரிதானா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் நெனைக்கறது வேற சட்டை, தம்பி. நாலு பாக்கெட்டு, கழுத்து வரைக்கும் பொத்தான். மாவோ போட்டாரே, அது. சீனத்துல அதுக்குப் பேரே இவரோட பேருதான். ஆனா 1910ல அது ஏது? இங்க இருந்தப்ப வெள்ளைக்காரன் மாதிரி கோட்டு, டை. அதுல தப்பு பண்ணா எல்லாமே தப்பு."

அவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், தமிழர். பெயரை எழுத வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பள்ளி விடுமுறை நாட்களில் மாணவர்களை டவுனுக்குள் நடத்திக் கூட்டிப்போவது இப்போது அவர் வேலை. அந்த நடையில் ஓரிடத்தில் இருபது நிமிடம் சீனக் குடியரசின் முதல் அதிபராக மாறுவார். கறுத்த, உயரமான, வழுக்கை விழுந்த தமிழர் சன் யாட் சென்னாக எப்படி மாறுவார்? அதைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

சூலியா தெருவில் தே தாரிக் தேநீர் குடித்துவிட்டு, கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைத் தாண்டி ஆர்மேனியன் தெருவுக்குள் திரும்பினோம். லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச் 2012இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகளின் முன்னால், படம் எடுக்கக் காத்திருப்பவர்களின் வரிசை நீண்டிருந்தது. அந்த வரிசையில் பாதிப்பேர்கூட 120ஆம் எண் வீட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் கண்ணிலிருந்து எளிதில் நழுவிவிடக்கூடிய வீடுதான். முகப்பு ஒடுங்கியது, உள்ளே போகப் போக நீளும். நடுவில் வானம் தெரியும் முற்றம், பின்னால் சமையற்கட்டு. நம் செட்டிநாட்டு வீட்டை இருபுறமும் பிடித்து நெருக்கியதுபோல் இருக்கும்.

இந்த வீட்டை மையமாகக் கொண்டுதான் சன்னின் புரட்சி இயக்கம் 1910இல் தென்கிழக்காசியா முழுவதற்கும் வேலை செய்தது. அந்த ஆண்டின் பிற்பாதியில் சில மாதங்கள் அவர் பினாங்கிலேயே இருந்தார். குடும்பம் டத்தோ கிராமாட் சாலையில் ஒரு வீட்டில் தங்கியிருந்தது. 1910 நவம்பர் 13 அன்று ஹுவாங் சிங், ஹு ஹான்மின், சாவ் ஷெங் போன்ற தோழர்களைக் கூட்டி, கேண்டன் நகரில் இன்னொரு கிளர்ச்சி நடத்துவது என்று முடிவெடுத்தார். முந்தைய நாள்தான் அவருக்கு 44 வயது நிறைந்திருந்தது. கிளர்ச்சி முடிவையொட்டி ஆர்மேனியன் தெரு வீட்டில் நடந்த கூட்டத்தில் அவர் பேச, அந்த இடத்திலேயே 8,000 வெள்ளி சேர்ந்தது. 'குவோங் வா யிட் போ' நாளிதழும் அதே வீட்டில் அந்த ஆண்டு டிசம்பரில் பிறந்தது. இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிறது.

1926இல் இந்த வீட்டை வாங்கியவரின் பேத்தி கூ சல்மா நசுத்தியன். வரலாற்றாய்வாளரான அவர்தான் வீட்டைப் பழமை கெடாமல் காத்து, சன்னின் பினாங்கு நாட்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். சீனத் துணை அதிபராக இருந்தபோது 2002இல் ஹு ஜின்டாவ் இங்கே வந்து பார்த்துப் போயிருக்கிறார்.

முற்றத்தில் நின்று ஆசிரியர் மெல்லிய குரலில் சொன்னார்: "இதுக்குள்ள நான் நடிக்க மாட்டேன். அவர் பேசின எடம். நான் வெளிய பேசிக்கறேன்."

தமிழ் வாசகர்களுக்கு ஒன்று. நீங்கள் சன் யாட் சென்னை ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள், தெரியாமல். 'கபாலி' படத்தில் ரஜினியை எதிர்க்கும் டோனி லீயாக வந்த வின்ஸ்டன் சாவ், சீனத் திரையுலகில் சன் யாட் சென் என்றாலே நினைவுக்கு வரும் முகம். விமானப் பணியாளராக இருந்து நடிக்க வந்த தைவான்காரர். 1997இல் 'சூங் சகோதரிகள்' படத்தில் சன்னாக நடித்தார். 2007இல் 'ரோடு டு டான்'. அது முழுக்க முழுக்க சன்னின் 1910 பினாங்கு வாழ்க்கையைச் சொல்லும் கதை, இங்கேயே படமாக்கப்பட்டது. 2011இல் ஜாக்கி சானோடு '1911'. தேசத்தந்தையாகப் பத்தாண்டுகளுக்கு மேல் உலவிய அந்த முகத்தை 2016இல் பா. ரஞ்சித் கூட்டிவந்து மலேசியத் தமிழர்களின் எதிரியாக நிறுத்தினார். கோட்டு அணிவதே ஓர் அரசியல் என்று வாதாடிய படம் 'கபாலி'. 1895இல் ஜப்பானில் சடையை அறுத்தெறிந்துவிட்டு மேற்கத்திய உடைக்கு மாறிய மனிதராக நடித்தவர், அந்தக் கோட்டு வாதத்தின் எதிர்ப்பக்கத்தில் நின்றார். இதை ஆசிரியரிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க பிள்ளைங்களுக்குப் போஸ்டரக் காட்டி, 'இவருதான் சன் யாட் சென்'னு சொன்னா, 'சார், இவன் வில்லன்'ங்கறானுங்க!"

முகம் தலைவரை விழுங்குவது நமக்குப் புதிதல்ல. கட்டபொம்மன் என்றால் 1959க்குப் பிறகு நமக்குச் சிவாஜி கணேசனின் கண்கள்தான். அந்தச் சிவாஜியே, அண்ணாவின் நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்துப் பெயரையே மாற்றிக்கொண்டவர்; பட்டம் தந்தவர் பெரியார். எங்கள் ஊர்ப் பள்ளி மாறுவேடப் போட்டிகளில் ஆண்டுதோறும் குறைந்தது நான்கு பாரதியார்கள் வருவார்கள். கண்மையால் மீசை, அம்மாவின் வெள்ளைத் துண்டில் முண்டாசு. இப்போது கூடவே வெள்ளி முடி வைத்த அப்துல் கலாம்கள். மேடையேறி ஒரு வரி சொல்லிவிட்டு இறங்குவார்கள். பரிசு மீசைக்குத்தான்.

உலகெங்கும் இந்த வேலைக்கு ஆளுண்டு. சீனாவில் தலைவர்களின் சாயல் கொண்ட நடிகர்களைத் தனி வகையாகவே வைத்திருக்கிறார்கள். குயுவே என்பவர் 80 தடவைக்கும் மேல் மாவோவாக நடித்தார். அமெரிக்காவில் லிங்கன் வேடமிடுவோருக்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது. தாடியும் உயரத் தொப்பியுமாக ஆண்டுக்கொருமுறை கூடுவார்கள். இந்தத் தொழிலின் உச்சம் என்று எனக்குத் தோன்றுவது பில் பார்க்கர். வில்லியம்ஸ்பர்க் என்ற பழைய நகரில் 1993 முதல் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தாமஸ் ஜெஃபர்சனாகவே நின்று, வருகிறவர்கள் கேட்பதற்கெல்லாம் ஜெஃபர்சனாகவே பதில் சொன்னார். பிறகு ஜெஃபர்சனின் சொந்த வீடான மான்டிசெல்லோவுக்கே மாறிப்போனார். அந்த மாதிரி வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நீங்கள் 1776இல் நிற்கிறீர்கள் என்றால் 1777இல் நடந்தது உங்களுக்குத் தெரியக்கூடாது. யார் என்ன கேட்டாலும் தெரியக்கூடாது.

ஆசிரியர் அந்தப் பெயர்களையெல்லாம் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அதே இடத்துக்கு வேறு வழியாக வந்து சேர்ந்திருந்தார். "மொதல்ல நான் அதிபராத்தான் நடிச்சேன். நெஞ்ச நிமிர்த்திக்கிட்டு, கைய ஆட்டி ஆட்டிப் பேசுவேன். பிள்ளைங்க கை தட்டும். வீட்டுக்குப் போயி ஒண்ணும் ஞாபகம் இருக்காது. அப்புறம்தான் யோசிச்சேன். பினாங்குல இருந்தப்ப அவர் அதிபரே இல்லையே! ஒம்பது தடவ கிளர்ச்சி பண்ணி, ஒம்பதும் தோத்துட்டு, காசு கேட்டு வந்த மனுஷன். அதப் போயி நான் அதிபராட்டம் பேசினா எப்படி?"

அதிலிருந்து அவர் தோற்றவரை நடிக்கப் பழகினார். பழகியதை எனக்குக் காட்டியும் விளக்கினார். தோளைச் சற்று முன்னே தள்ளிக்கொள்வது. பணம் என்ற சொல் வருவதற்கு முன் ஒரு கணம் நிற்பது. எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துவிட்டு உடனே கையைப் பார்ப்பது. "கடன் கேக்கப் போனவனப் பாத்திருக்கீங்களா? அப்படித்தான் பாப்பான்." சன்னின் குரலையும் கேட்டிருக்கிறார். 1924இல் மாண்டரினிலும் கேண்டனீஸிலும் அவர் பேசிய இசைத்தட்டுப் பதிவு இன்றும் இருக்கிறது. "நிதானமா இருக்கு. கத்தலே இல்ல. அதக் கேட்டப்புறம்தான் நானும் கத்துறத நிறுத்தினேன்." எனக்கு அவர் சொன்னதில் இதுதான் மிகவும் பிடித்தது.

பதினோரு மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். தமிழ்ப்பள்ளி ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள், இருபத்தைந்து பேருக்குக் குறையாது. தெருமுனைப் பூங்காவில் மரநிழலாகப் பார்த்து உட்கார வைத்தார். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டு. துறைமுகக் கூலி, சாப்பாட்டுக் கடைக்காரர், தையல்காரர், ஈயச் சுரங்க முதலாளி, ரிக்‌ஷா இழுப்பவர், பிரிட்டிஷ் உளவாளி என்று எழுதியிருந்தது. சீட்டின் பின்பக்கம் அந்த ஆளிடம் இருக்கும் பணம். முதலாளிக்கு ஆயிரம் வெள்ளி, கூலிக்கு மூன்று. ஒரு சிறுமிக்குச் சீனப் பேரரசின் தூதர் வேடம் கிடைத்திருந்தது. அதற்கும் காரணம் வைத்திருந்தார். அந்தக் காலப் பினாங்கின் பெரும் பணக்காரர்களில் ஒருவர் சியோங் ஃபாட் சீ. லீத் தெரு நீல மாளிகைக்குச் சொந்தக்காரர். பேரரசின் துணைத் தூதராகவும் இருந்தார். ஊரில் காசு இருந்த கைகளில் பல, சன் கவிழ்க்க நினைத்த அரசைப் பிடித்துக்கொண்டிருந்த கைகள்.

கோட்டைப் போட்டார். டையை இறுக்கினார். "நான் சன் யாட் சென் இல்ல. அவர் மாதிரி இருக்கேனா? இல்லல்ல? அதனால என்னைப் பாக்காதீங்க, பேச்ச மட்டும் கேளுங்க" என்றார். பிறகு ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். அந்த ஒரு நிமிடத்தில் பிள்ளைகளின் சலசலப்பு அடங்கியது.

பேச்சு பெரிதாக ஒன்றுமில்லை. இது எத்தனையாவது முறை என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது என்று தொடங்கினார். ஊரில் இருக்கும் தோழர்கள் உயிரைத் தரக் காத்திருக்கிறார்கள். கடல்தாண்டி வந்த நீங்கள் உயிர் தர வேண்டாம், பணம் தாருங்கள் என்றார். சன் அன்று வைத்த வாதத்தின் சாரம் அதுதான்.

ஒரு பையன் எழுந்தான். துறைமுகக் கூலி.

"சார், ஒம்பது வாட்டி தோத்துட்டீங்க. பத்தாவது வாட்டியும் தோத்துட்டா என் மூணு வெள்ளிய யாரு திருப்பிக் குடுப்பா?"

ஆசிரியர் உடனே பதில் சொல்லவில்லை. அவருக்கு விடை தெரியும். எனக்கும் தெரியும். 1911 ஏப்ரல் 27 அன்று பத்தாவது முறையும் தோற்றார்கள். கேண்டனில் மஞ்சள் பூ மேட்டில் 72 தியாகிகள் என்று புதைக்கப்பட்டவர்களில் மலாயாவிலிருந்து போனவர்களும் உண்டு. அந்த மூன்று வெள்ளி திரும்பவில்லை. ஆனால் அதே ஆண்டு அக்டோபர் 10இல் வூச்சாங்கில் வெடித்தது பேரரசைச் சாய்த்தது. அப்போது சன் அமெரிக்காவில் இருந்தார். 1912 ஜனவரி முதல் தேதி தற்காலிக அதிபரானார். மூன்று மாதம்கூட முழுதாக இருக்கவில்லை, பதவியைப் படைத்தலைவர் யுவான் ஷிகாயிடம் விட்டுக்கொடுத்தார். இதில் ஒரு வரியை எடுத்துச் சொன்னால் போதும், பையன் உட்கார்ந்துவிடுவான். ஆனால் நிற்பவர் 1910இல் நிற்கிறார்.

"தெரியலப்பா" என்றார். "திருப்பித் தருவேன்னு சொன்னா பொய்."

பையன் சிறிது நேரம் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்த தையல்காரச் சிறுமி, "நான் பாதி தரேன்" என்றாள். தூதர் எழுந்து, "இவரப் பிடிச்சுக் குடுத்தா எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்க, உளவாளி, "நான் ஏற்கெனவே எழுதிட்டேன்" என்று நோட்டைத் தூக்கிக் காட்டினான். அதுவும் நடந்ததற்கு வெகுதூரமில்லை. சன்னின் பேச்சுகள் பொறுக்காமல் காலனி அரசு அந்த டிசம்பரிலேயே அவரை ஊரைவிட்டுப் போகச் சொல்லிவிட்டது.

நாடகம் அரசியல் வகுப்பாவது சன்னின் ஆட்களுக்கும் தெரிந்த வித்தைதான். கேண்டனிலிருந்து புரட்சி ஆதரவு நாடகக் குழுக்கள் கப்பலேறி மலாயாவுக்கு வந்து மேடை போட்டிருக்கின்றன. நம் பக்கம் முருகன் வேடத்தில் நின்று வெள்ளையரை எதிர்த்துப் பாடியதற்காகச் சிறைக்குப் போய்வந்த விஸ்வநாததாஸ், 1940இல் சென்னை மேடையிலேயே, மயில்மேல் அமர்ந்தபடி உயிர்விட்டார். பினாங்கிலும் இந்த இழை அறுபடவில்லை. ஆர்ட்ஸ்-எட் என்ற அமைப்பைத் தொடங்கிய ஜேனட் பிள்ளை, பிள்ளைகளைப் பழைய டவுன் தெருக்களுக்கு அனுப்பிக் கதைகளைத் திரட்டி வரச்செய்து, அவற்றையே நாடகமாக்க வைத்தவர். ஆசிரியரின் சீட்டு விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "எல்லா எடத்துலருந்தும் திருடினதுதான்" என்றார்.

கோட்டைக் கழற்றியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பிள்ளைகள் சைக்கிள் சுவரோவியத்தை நோக்கி ஓடினார்கள். அவர் புல்தரையில் உட்கார்ந்து, திரும்பி வந்த சீட்டுகளை எண்ணி, ஒரு குட்டி நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டார். நோட்டு பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது.

"எவ்வளவு?"

"ரெண்டாயிரத்து நானூத்தி அறுபது."

"எட்டாயிரம் வந்திருக்கா எப்பவாவது?"

பக்கங்களைப் பின்னால் புரட்டினார். "நாலாயிரத்த ஒரு தடவ தொட்டிருக்கு. அன்னிக்கி முதலாளி சீட்டு எடுத்த பொண்ணு மொத்தத்தையும் குடுத்துருச்சு." நோட்டைக் கோட்டுப் பைக்குள் போட்டுவிட்டு எழுந்தார். அடுத்த குழு பன்னிரண்டரைக்கு.