மண்டபத்தின் பின்கட்டு

விவாகத்திற்கு மண்டபம் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முன்வாசல் வழியாகப் பிரவேசித்து, மணமேடையின் விஸ்தாரத்தையும் கூரையிலே தொங்கும் விளக்குகளையும் குளிர்சாதன அறைகளின் எண்ணிக்கையையும் கண்டு திருப்தியடைந்து, அதோடு காரியம் முடிந்ததென்று திரும்பிவிடுகிறார்கள். எங்கள் குடும்பத்தில் தை மாதத்து முகூர்த்தம் ஒன்றுக்காகப் பாளையங்கோட்டையை அடுத்த ஒரு மண்டபத்தைப் பார்க்க வேண்டியிருந்தபோது, திருநெல்வேலிச் சீமையில் நாற்பது வருஷங்களுக்கு மேலாகக் கல்யாண விருந்துகளுக்கு ஆக்கி இறக்கிவரும் தவசிப்பிள்ளை ஒருவரை உடன் அழைத்துச் சென்றேன். அவரோ முகப்பை ஏறெடுத்தும் பாராமல் பக்கத்துச் சந்து வழியாக நேரே ஆக்குப்புரைக்குப் போய்விட்டார்.

முதலில் அவர் விசாரித்தது தண்ணீரை. ஆழ்குழாய்க் கிணறு இருக்கிறது, எந்தக் கோடையிலும் வற்றியதில்லை என்று மண்டபத்து நிர்வாகி பெருமிதத்தோடு சொன்னார். தவசிப்பிள்ளை குழாயைத் திறந்து உள்ளங்கையில் ஏந்தி ஒரு வாய் பருகிவிட்டு, ஒன்றும் பேசாமல் தம் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். அதில் இருந்தது துவரம் பருப்பு. காவற்காரருடைய அடுப்பில் இரண்டு சிறு பாத்திரங்களை ஏற்றச் சொல்லி, ஒன்றில் மண்டபத்துத் தண்ணீரையும், மற்றொன்றில் வீட்டிலிருந்து புட்டியில் கொண்டுவந்திருந்த தாமிரபரணித் தண்ணீரையும் விட்டுப் பருப்பைச் சமமாகப் பங்கிட்டுப் போட்டார். நாங்கள் மற்ற இடங்களைச் சுற்றிவிட்டு வந்து பார்த்தபோது, ஆற்றுத் தண்ணீரில் பருப்பு மலர்ந்து மசிந்திருந்தது. மற்றதில் விரலால் அழுத்தினால் நடுவே வெள்ளைப் பொட்டாக வேகாத கட்டி நெருடிற்று. சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீர் பருப்பின் தசையை இளகவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்பதை ரஸாயன சாஸ்திரம் விளக்கும். அவர் அதை நாவினாலேயே அறிந்து, பின்பு நம் கண்ணுக்கும் காட்டினார்.

“ராத்திரி ரெண்டு மணிக்குப் பருப்பு வேகலைன்னா யாரைப் போய் எழுப்ப, தம்பி? சமையலுக்கு ஆத்துத் தண்ணி லாரியில வரணும். இந்தத் தண்ணி ஏனம் கழுவ இருக்கட்டும்” என்றார்.

அடுத்தபடியாக ஒரு வாளி தண்ணீரை ஆக்குப்புரையின் தரையிலே கொட்டி, அது எந்தத் திசையில் ஓடுகிறது என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு கவனித்தார். ஆயிரம் பேர் சாப்பாட்டுக்கு அவருடைய கணக்கில் நூறு கிலோ அரிசி வேண்டும். அத்தனை சோற்றையும் வடிக்கும்போது கொதிக்கும் கஞ்சி சாக்கடையை நோக்கி ஓடாமல் தரையிலே தேங்குமானால், வெறுங்காலோடு கிடாரத்தைத் தூக்கிவரும் இரண்டு ஆட்களில் ஒருவர் வழுக்கினாலும் இருவர் உடம்பும் வெந்துபோகும். ஆக்குப்புரைக்கும் பந்திக்கூடத்திற்கும் இடையே அழகுக்காகக் கட்டியிருந்த ஒற்றைப் படியையும் அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். சாம்பார் வாளியோடு ஓடிவருகிறவன் காலடியைப் பார்ப்பதில்லை. அந்தப் படியின்மேல் பலகையால் ஒரு சரிவு அமைத்துத் தரவேண்டும் என்பது அவருடைய இரண்டாவது நிபந்தனையாயிற்று.

தூரமும் அவருக்கு ஒரு பிரதானமான விஷயம். மறுவீட்டு விருந்தின் சொதியை எண்ணியே அவர் அடிகளை அளந்து நடந்தார். தேங்காயை மூன்று முறை பிழிந்து, மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காய்களை வேகவைத்து, கெட்டியான முதற்பாலைக் கடைசியில் விட்டு, அது கொதித்துத் திரிந்துவிடாமல் பக்குவத்தில் இறக்கி, சூடு ஆறுவதற்குள் இலைக்குக் கொண்டுசேர்க்க வேண்டிய பதார்த்தம் அது. பந்திக்கூடத்தில் ஒரே சமயத்தில் இருநூற்றைம்பது பேர்தாம் அமரலாம். ஆயிரம் பேருக்கு நான்கு பந்தி. ஆகவே நான்கு பந்திக்கும் தனித்தனியே இறக்க அடுப்பு எத்தனை வேண்டுமென்று அங்கேயே தீர்மானித்துவிட்டார். மேடை எவ்வளவு பெரியது என்று நான் சொல்ல வந்ததை அவர் காதில் வாங்கவே இல்லை.

19 கிலோ காஸ் அடங்கிய சிலிண்டர்களை வெளிச்சுவருக்கு அப்பால் வைப்பதற்கு வசதி இருந்தது. அதைக் கண்டபிறகு மாடிக்கு ஏறி, இறங்கும் வழி எத்தனை என்று எண்ணினார். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபம் ஒன்றின் மாடியில் கீற்றுப் பந்தலிலே தீப்பற்றி, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட துயரத்தை நாம் மறந்துவிட்டு அலங்காரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். இங்கே படிக்கட்டுகள் இரண்டு இருந்தன; ஆனால் இரண்டாவதன் வாயிலை மடக்கு நாற்காலிகள் அடைத்திருந்தன. அவற்றை அப்புறப்படுத்தும்வரை தவசிப்பிள்ளை அவ்விடத்தை விட்டு நகரவில்லை.

இத்தனைக்கும் பிறகு அவர் கேட்ட கேள்வியே என் மனத்தை மிகவும் தைத்தது. காய் நறுக்கவும் தேங்காய் துருவவும் ஏனம் தேய்க்கவும் அவரோடு பத்துப் பன்னிரண்டு பெண்கள் முதல்நாள் பிற்பகலே வந்துவிடுவார்கள். சாக்குப்பைகளின்மேல் சற்றே கண்ணயர்ந்து, விடியுமுன் எழுந்து, விருந்தினர் எல்லோரும் போனபிறகே வீடு திரும்புவார்கள்.

“மேனேஜர் தம்பி, எங்க பொம்பளையாளுவ ராத்திரி எங்க ஒதுங்குவாவ?”

நிர்வாகி முன்கட்டுக் கழிப்பறைகள் விருந்தினருக்கு மட்டுமே உரியவை என்றும், வேலையாட்களுக்கென்று பிரத்தியேகமாக ஒன்றும் கட்டவில்லை என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார். மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுந்து போகிறவர்களுக்காக இத்தனை சௌகரியங்களை யோசித்து யோசித்துச் செய்தவர்கள், இரவு முழுவதும் நின்று உழைக்கும் ஸ்திரீகளுக்கு ஒரு கதவைக்கூட நினைத்துப் பார்க்கவில்லையே என்று எனக்குப் பெரிதும் வேதனையாக இருந்தது. இது அந்த ஒரு மண்டபத்தின் குறை மட்டுமன்று. வாடகை கொடுக்கும் நாம் கேட்காததனால், கட்டுகிறவர்களும் கட்டுவதில்லை.

பின்புறம் உக்கிராண அறையை ஒட்டிக் குளியலறையோடு கூடிய ஓர் அறை, பழைய சாமான்கள் அடைத்துப் பூட்டிக் கிடந்தது. அதை ஒழித்துக் கொடுத்து, விளக்குப் போட்டு, தண்ணீர்க் குழாயையும் சீர்செய்து தருவதாக நிர்வாகி ஒப்புக்கொண்டார். வாய்வார்த்தை போதாதென்று ரசீதிலேயே எழுதும்படி நான் வற்புறுத்தினேன். ஆற்றுத் தண்ணீர் லாரி, படிக்குச் சரிவுப் பலகை, மாடிப் படிக்கட்டு, பெண்களுக்கான அறை என்று வரிசையாக அவர் எழுதிவரும்போது, அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உட்புறம் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுமாறு தவசிப்பிள்ளை சொன்னார். அதையும் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே முன்பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.