யார் அடித்த கத்தி?

எங்கள் வீட்டில் தாத்தாவின் கவ்வாத்துக் கத்தியைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரியவர்கள் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்: "அது சீமைக் கத்தி." கொழுந்து அரைக்கும் ரோலர் சீமையிலிருந்து வந்தது. 1924இல் பதுளைக்கு வந்துசேர்ந்த ரயிலின் எஞ்சினும் சீமைதான். அதெல்லாம் இருக்கட்டும். பசறைப் பக்கத்து மலைகளில் ஆயுசு முழுக்கத் தேயிலைக் கவ்வாத்து வெட்டிய ஒரு மனிதரின் கைக்கத்திக்குக்கூட இந்த மண்ணில் ஒரு கொல்லன் கிடைக்கவில்லையா என்ற கேள்வி என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

நுனி உள்வாங்கி வளைந்த அலகு, கனத்த முதுகு, மரப்பிடிக்குள் கடைசிவரை இறங்கி மறுமுனையில் மடித்து அடிக்கப்பட்ட வால். மடக்குக் கத்தி எதுவும் இந்த வேலைக்கு ஆகாது. கவ்வாத்தில் ஒவ்வொரு கிளையும் ஒரே வீச்சில், சாய்வாக, பட்டை கிழியாமல் விழ வேண்டும். பட்டை பிய்ந்தால் அந்த வாயில் தண்ணீர் நிற்கும், கட்டை உளுத்துப்போகும், பின்னாலேயே கறையான் வரும். ஊவாவின் உயர்ந்த மலைகளில் அடுத்த கவ்வாத்துக்கு நாலைந்து வருடம் ஆகும். அதுவரை செடி அந்தக் காயத்தோடுதான் கொழுந்து கொடுக்க வேண்டும். கிளைத்துண்டு நட்டு வளர்க்கும் வீ.பி. தேயிலை என்றால் ஹெக்டேருக்கு 12,500 செடி அளவில் நட்டிருப்பார்கள். ஒவ்வொன்றிலும் எத்தனையோ கிளை. கத்தியின் தரத்தை வெட்டுகிறவனின் தோள் அன்று மாலையே சொல்லிவிடும், செடியின் தூர் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கும்.

தாத்தாவின் கத்தியில், பிடிக்குச் சற்று மேலே, ஏதோ முத்திரை இருந்திருக்கிறது. மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசியபோது மூன்று ஆங்கில எழுத்துகள் எழும்பின: எஃப், எஃப், ஐ. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் என்ற ஊர்ப்பெயரின் நடுப்பகுதி. வீட்டார் சொன்னது சரிதான் என்று அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எனக்கு ஊர் போதவில்லை, ஆள் வேண்டியிருந்தது.

ஷெஃபீல்டில் அதற்கு வழி உண்டு. 1624இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் அமைந்த ஹாலம்ஷயர் கத்திக்கொல்லர் சங்கம், கொல்லர்களுக்குத் தனித்தனி முத்திரை கொடுத்துப் பதிந்து வைத்தது. ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் ஆளின் அடையாளம் இருக்கும் என்று நம்பி அலகை வெயிலில் சாய்த்தும், விளக்கொளியில் படுக்கவைத்தும், எண்ணெய் பூசித் துடைத்தும் பார்த்தேன். முத்திரை இருந்திருக்க வேண்டிய இடத்தில் துரு தின்ற குழிகள் மட்டுமே இருந்தன. பெர்குசன் வெளியிட்ட பழைய இலங்கை டிரக்டரிகளின் விளம்பரப் பக்கங்களில் தோட்ட ஆயுதம் விற்றவர்களின் பெயர் கிடைக்கிறது. அடித்தவனின் பெயர் கிடைப்பதில்லை. தாத்தா வேலை செய்த தோட்டத்தின் ஸ்டோர் புத்தகம் என்றாவது அகப்படுமா என்று விசாரித்தால், 1975இல் தோட்டம் அரசுக்குப் போய், 1992இல் கம்பனி நிர்வாகத்துக்கு வந்த கைமாற்றங்களில் அந்தக் காலத்துப் புத்தகம் ஒன்றும் தங்கவில்லை.

இதற்கிடையில் இன்னொரு விஷயம் தெரியவந்தது. ஷெஃபீல்ட் என்று பொய்யாகப் பொறித்த மலிவுச் சரக்கு ஜெர்மனியிலிருந்து வந்து குவிகிறது என்று அந்த ஊர்க் கொல்லர்கள் போட்ட கூச்சலின் பின்னணியில்தான் 1887இல் பிரித்தானியா சரக்குக் குறிச் சட்டத்தையே இயற்றியது. ஆக, என்னிடம் இருக்கும் மூன்று எழுத்தும் ஷெஃபீல்டில் விழுந்தவைதான் என்பதற்குக்கூட உத்தரவாதமில்லை. முத்திரை வழியே போன பாதை அதோடு அடைபட்டது.

பிறகுதான் பதுளையிலிருந்து பசறை போகும் வீதியோரப் பட்டறைக்குக் கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். சிங்களப் பெரியவர். தோட்டத்துத் தமிழை எங்களைப் போலவே பேசுவார். சுற்றுவட்டாரத்துக்கே அவர் "பாஸ்". துருத்தி இருந்த இடத்தில் இப்போது மோட்டார் ஊதி. அடுப்பில் இன்னமும் சிரட்டைக் கரி.

"யாரு அடிச்ச கத்தி பாஸ் இது?"

பதில் இல்லை. அலகைக் கண்ணுக்கு நேரே பிடித்து நீளவாக்கில் பார்த்தார். கட்டை விரலை வாயோரம் ஓடவிட்டார்.

"உங்க தாத்தாவுக்குப் பீச்சாங்கையா தம்பி?"

அப்படி ஒரு பேச்சை நான் வீட்டில் கேட்டதே இல்லை. அவர் விளக்கினார். இந்தக் கத்தி ஒரு பக்கம் மட்டும் சாய்த்துத் தீட்டப்பட்டிருக்கிறது. தட்டையான பக்கம் செடியில் நிற்கும் கட்டையோடு ஒட்டிப் போக வேண்டும், அப்போதுதான் வெட்டு வழுவழுவென்று வரும். வலது கைக்காரன் தீட்டியிருந்தால் சாய்வு மறுபக்கம் இருந்திருக்கும். அங்கிருந்தே லுணுகலையில் இருக்கும் பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். "ஆமா, அவருக்குச் சோறு மட்டுந்தான் சோத்தாங்கை. மத்த வேல பூரா பீச்சாங்கைதான். நெரையில பக்கத்துல நிக்கிறவங்க தள்ளி நிப்பாங்க" என்றார். இத்தனை வருடத்தில் எங்களில் ஒருவரும் அவரிடம் கேட்காத செய்தி.

என் கேள்வியை மறுபடி போட்டேன். பாஸ் மறுபடியும் அதைத் தாண்டிப் போனார். மட்டக் கல்லால் அலகின் ஒரு பக்கத்தை வெள்ளை தெரியத் தேய்த்து, எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டிப் பூசி, வேறு வேலைக்குத் திரும்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அலகு இரண்டு நிறமானது. முதுகுப்பக்கம் வெளிறியே இருந்தது. வாயோரமாக ஒரு விரல் அகலத்துக்குக் கறுத்த பட்டை. கரிச்சத்துக் கூடிய எஃகு புளிப்புப் பட்டால் அதிகம் கறுக்கும், மெல்லிரும்பு அவ்வளவு கறுக்காது. எழுத்து இருந்தது வெளிறிய பகுதியில். வெட்டியது கறுத்த பகுதி.

"வாயி தேஞ்சு முடிஞ்சதும் புது உருக்கு வச்சு அடிச்சிருக்காங்க. வெண்காரம் போட்டுப் பத்தவச்ச வேல. இங்க பாருங்க." கறுப்புப் பட்டையின் அடிமூலையில் நெருக்கமான குறுக்குக் கோடுகள், தடவினால் விரலுக்குத் தெரியாத அளவு மெலிதாக. அரத்தின் பற்கள். தேய்ந்த அரம் ஒன்றைத் தட்டி நீட்டி வாயாக்கியிருக்கிறான் ஒருவன். அரத்தில் நூற்றுக்கு ஒரு பங்கும் அதற்கு மேலும் கரி இருக்கும். கடினம், ஆனால் தனியாக நின்றால் நொறுங்கும். பின்னால் மெல்லிரும்பு தாங்கியதால் நொறுங்கவில்லை. தெரிந்து செய்த வேலை அது. தோட்டத்துக் கொல்லனோ வீதியோரக் கொல்லனோ, எங்கள் பக்கத்து ஆள்.

அந்தச் சந்தோஷத்தில் என் தேடல் வேறு பக்கம் ஓடியது. ஊவாவின் எல்லைக்கு அருகே, சமனலவெவ நீர்த்தேக்கம் கட்டப்பட்ட மலைச்சரிவுகளில், ஜில் ஜுலெஃப் என்ற ஆய்வாளர் மேற்கு நோக்கிய பழைய இரும்பு உலைகளை வரிசை வரிசையாகக் கண்டுபிடித்தார். துருத்தி இல்லாமல், தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்திலேயே எரிந்த உலைகள். அதேபோல ஒன்றைக் கட்டி எரித்துக் காட்டி, 1996இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். ஊவாத் தேயிலைக்கு யூலை முதல் செப்டம்பர் வரை தனி வாசம் கொடுக்கிற கச்சான் வேறு காற்றல்ல. அந்தப் பருவக்காற்றுத்தான் மழையை மறுபக்கம் கொட்டிவிட்டு வறண்டு இறங்குகிறது. பலாங்கொடைப் பக்கத்தில் மூசையில் எஃகு உருக்கிய முறையை, தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' நூலில் பதிவு செய்திருக்கிறார். ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் மூசையில் எஃகு உருக்கத் தொடங்கியது 1740களில்தான். பலாங்கொடைப் பக்கத்து எஃகின் ஒரு துண்டாவது தாத்தாவின் கத்தியில் சேர்ந்திருக்காதா என்று ஆசைப்பட்டேன். பாஸிடம் சொன்னேன்.

"இது அரம் தம்பி" என்றார். அதற்குமேல் ஒரு சொல் கூட்டவில்லை. அந்த அரமும் கப்பலில் வந்ததாகவே இருக்கலாம். அதைக் கத்தியாக்கிய கை இங்கே இருந்தது. எனக்கு அது போதும்.

அன்றிலிருந்து கேள்வியை மாற்றிக்கொண்டேன். பாஸ் இப்போது என்ன அடிக்கிறார், எப்படி விற்கிறார் என்று கவனிக்க ஆரம்பித்தேன். லொறி ஸ்பிரிங் பட்டையை வெட்டி அடிக்கிறார். அதில் கரி அரத்தில் இருப்பதில் பாதி அளவுதான். ஆனால் வளைந்து மீளும் குணம் உண்டு. எண்ணெயில் தோய்த்து எடுத்து, துடைத்து, மறுபடி மெல்லச் சூடு காட்டும்போது எஃகின் மேல் நிறம் ஓடும். சமையல் கத்தியென்றால் வைக்கோல் நிறத்தில் நிறுத்துகிறார். கவ்வாத்துக் கத்திக்கு ஊதா எட்டும்வரை பொறுக்கிறார், கிளையில் மோதும் அதிர்ச்சியைத் தாங்க வேண்டும் என்பதற்காக. முடிந்த கத்தியால் வாசலில் நிற்கும் கிளிசரிடியாக் கிளை ஒன்றைச் சீவிவிட்டு, வெட்டுவாயை விரலால் தடவிப் பார்க்கிறார். நார் தட்டுப்பட்டால் கத்தி கல்லுக்குத் திரும்பும்.

குறையும் உண்டு. சொன்ன நாளில் வேலை முடிவதில்லை. பிடிகள் முரடு, வாங்கியவன்தான் கண்ணாடித் துண்டால் சீவிக்கொள்ள வேண்டும். கடையில் தொங்கும் இறக்குமதிக் கத்தி பார்வைக்கு இதைவிட எவ்வளவோ லட்சணம். ஆனால் கடைக்காரர் யாரும் எந்தக் கை என்று கேட்டு நான் பார்த்ததில்லை. பாஸ் முதலில் அதைத்தான் கேட்கிறார். பிறகு ஆளின் உயரம், பிறகு வெட்டப்போவது பழைய விதைத் தேயிலையின் பருத்த தூரா, வீ.பி.யின் மெல்லிய கிளையா என்பது. மூன்றுக்கும் பதில் வந்த பிறகுதான் இரும்பில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போடுகிறார்.

பெரியம்மா மகனும் தாத்தாவைப் போல இடது கைக்காரன். இன்னமும் கவ்வாத்துக்குப் போகிறவன். அவனுக்கு ஒன்று சொல்லி அடித்தோம். கொடுக்கும்போது பாஸ் அவனிடம் சொன்னது: "மொத மல வெட்டி முடிஞ்சதும் கொண்டாங்க. அலகு வளைஞ்சிருந்தா என் பிழை, காசு வேணாம். பல்லு போயிருந்தா எங்க வெட்டுனீங்கன்னு கேப்பேன். முள்ளுக்கம்பியில வெட்டியிருந்தா காசு." அலகு வளையவில்லை, பல்லும் போகவில்லை. கச்சான் வீசியதும் பிடி மட்டும் காய்ந்து ஆட ஆரம்பித்தது. கொண்டுபோனான். பாஸ் பழைய பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு வருடம் நிழலில் காய்ந்த பலாக்கட்டையில் வேறு போட்டுக் கொடுத்தார். காசு கேட்கவில்லை, முதலிலேயே காய்ந்த கட்டையாகப் பார்த்துப் போட்டிருக்க வேண்டும் என்றார்.